அரை பாட்டில் தண்ணீர்

கிள்ளானில் இராமலிங்கத்தைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய ஒரு பிடிவாதம் கட்டாயம் தெரிந்திருக்கும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால் மனுஷர் ஹைவேயில் ஏற மாட்டார். ஈப்போவோ தைப்பிங்கோ, எந்த ஊரானாலும் சரி. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து மகளையும் மருமகனையும் பேத்தியையும் ஏற்றிக்கொள்வார். செந்தூல், செலாயாங் தாண்டி உலு யாம் பக்கம் வண்டியைத் திருப்பி, மலையடிவாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பழைய ரோட்டில்தான் போவார். மற்றவர்கள் தைப்பிங் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழும்போது இவர் கார் பாதி வழியில் எங்கேயாவது ஒரு டுரியான் கடை முன்னால் நிற்கும்.

"ஹைவேயில என்னய்யா இருக்கு?" என்பார், கேட்பவர்களிடம். "இந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், அந்தப் பக்கம் செம்பனை, நடுவுல டோல். நம்ம ரோட்டுல குரங்கு இருக்கு, அருவி இருக்கு. லீவுன்னா சும்மா போய்ச் சேர்றது மட்டுமா?"

கேட்டவர்களுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. அவர் மனைவி சீதாலெட்சுமிகூட அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

உண்மை வேறு. அந்தப் பழைய ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஓர் உள் ரோட்டில் பதினேழாம் கல் என்று ஓர் இடம். அங்கே போகாமல் அவரால் இருக்க முடியாது. போனாலும் இறங்கிப் பார்க்க முடியாது. விடுமுறை என்பது அதற்கு ஒரு சாக்கு.

ரோடு பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு கம்பெனியில் இராமலிங்கம் இருபத்தாறு வருஷம் கல்வெர்ட் பார்த்தவர். கல்வெர்ட் என்றால், மலைப்பக்கத்து மழைத்தண்ணீர் பள்ளப்பக்கம் ஓடுவதற்காக ரோட்டுக்கு அடியில் பதித்திருக்கும் பெரிய குழாய். மேலே கார் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இராமலிங்கத்துக்கு அது மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சரிவில் இறங்க வேண்டும். குழாயின் வாயில் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். இருட்டுக்கு அந்தப் பக்கம், குழாயின் மறு வாய் ஒரு வெளிச்ச வட்டமாகத் தெரியும். வட்டம் முழுசாக இருந்தால் கல்வெர்ட் சுகம். வட்டத்தில் ஒரு கடி விழுந்திருந்தால் உள்ளே மண் சேர்கிறது. வட்டமே இல்லையென்றால் மேலே ஓடிப்போய் ரோட்டை மறிப்பதுதான் வேலை. தண்ணீர் குழாயை விட்டுவிட்டு மண்ணை அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மேலே தார் மட்டும் தோல்போல நிற்கும். எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பார்த்து முடித்ததும் ரோட்டோரத்துக் கட்டைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதுவார்: ஓகே. ஆர்.எல். கீழே மாதம், வருஷம்.

அந்தச் சம்பளத்தில் மகள் யோகேஸ்வரியைப் படிக்கவைத்தார். அவர்கள் குடியிருந்த தாமானில் முதல் பட்டதாரி அவள்தான், அதுவும் சிவில் இன்ஜினியர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கூடப் படித்தவர்களைக் காரில் கூட்டிவந்து, ஏதோ கோயிலைக் காட்டுவதுபோல அப்பாவின் சிவப்பு எழுத்துகளைக் காட்டினாள். "எங்க அப்பா ஓகே போட்டா அது மேல யானை போகலாம்" என்று அவள் சொன்னதை இராமலிங்கம் காதால் கேட்டார். அன்றைக்கு அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

2019 ஜனவரி. யோகேஸ்வரிக்குக் கடைசி செமஸ்டர். ஒரு பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருந்தாள். இன்னொரு தடவை விட்டால் பட்டம் கிடையாது. இராமலிங்கம் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருந்தார். ஒரு வேளைச் சாப்பாடு. காலில் செருப்புகூடக் கிடையாது.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பதினேழாம் கல்லுக்குப் பார்வைக்குப் போனார். லாரியை நிறுத்திவிட்டுச் சரிவில் இரண்டு அடி வைத்ததும் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. குழாய்க்குள் ஏதோ செத்துக் கிடந்தது. பன்றியோ, நாயோ.

மாலை போட்ட உடம்பு. செத்ததை நெருங்கினால் தீட்டு. விரதம் முறிந்து போகும். மறுபடி மாலை போட நாளும் இல்லை. அவர் அங்கேயே நின்றார். தைப்பூசம் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மேலே ஏறினார். பிரஷ்ஷை எடுத்தார். ஓகே. ஆர்.எல். 1/19.

தண்ணீர் ஓடுகிற குழாயில் செத்தது தங்காது. நாற்றம் வருகிறதென்றால் குழாய் அடைத்திருக்கிறது. எதைத் தேடி அவரை அங்கே அனுப்பினார்களோ, அதுதான் மூக்கில் அடித்தது. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் இது அவருக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்துதான் பெயிண்ட் அடித்தார்.

காவடி எடுத்தார். யோகேஸ்வரி தேறினாள். பிப்ரவரியில் குத்தகை வேறு கம்பெனிக்குக் கைமாறியது. ஃபைல்களை வாங்கிக்கொண்டார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்த ரிப்போர்ட்டில் ஒன்று பொய் என்று புதுக் கம்பெனியிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷம் போனது. அதற்குப் பிறகு, 'ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை' என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது.

ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த வழியாகக் காரை ஓட்டினார். டேஷ்போர்டில் அரை பாட்டில் தண்ணீரை நிறுத்திவைப்பார். பதினேழாம் கல்லைக் கடக்கும்போது அவர் கண் ரோட்டில் இருக்காது, பாட்டிலில் இருக்கும். முதல் வருஷம் தண்ணீரின் மேல்பரப்பு லேசாக நடுங்கியது. மூன்றாம் வருஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. போன ஜூன் மாதம் துள்ளி மூடியைத் தொட்டுவிட்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கரை சேர்ந்ததும், "முருகா" என்று மூச்சுவிடுவார். பின்னாலிருந்து சீதாலெட்சுமியும் "முருகா" என்பார், அருவியைப் பார்த்து.

போன டிசம்பர் விடுமுறைக்குத் தைப்பிங் போவதென்று ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் நாலு நாளாக மழை. கிள்ளானில் வாசல் கால்வாய் நிரம்பி ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார் இராமலிங்கம். சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்தியதும், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கி ஹைவேயிலயே போயிடுவோமா?"

பக்கத்துச் சீட்டிலிருந்த மருமகன் திரும்பி அவரைப் பார்த்தான்.

"யோகா, சீக்கிரம் வீடியோ எடு" என்றான் மருமகன் குரு. "மாமா வாயிலேருந்து ஹைவேன்னு வந்துருச்சு. மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க, எங்க அம்மாவுக்கு அனுப்பணும்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று சீதாலெட்சுமி பின்சீட்டிலிருந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மழையா இருக்குல்ல. அதான்."

குரு ஃபோனை எடுத்து வழி போட்டான். போட்டவன் வாய்விட்டுச் சிரித்தான். "போச்சு லா! ஹைவேயில லோரி கவுந்து ரெண்டு பக்கமும் மூடிட்டாங்களாம். மேப் என்ன சொல்லுது தெரியுமா? செலாயாங், உலு யாம், அப்புறம் உங்க உள் ரோடு. எல்லாரையும் அங்கதான் தள்ளிவிடுது. மாமா, இன்னிக்கி உங்க காட்டுல மழை! ஊரே உங்க ரோட்டுக்கு வருது!"

இராமலிங்கம் ஃபோனை வாங்கிப் பார்த்தார். எப்போதும் வெறுமையாகக் கிடக்கும் அந்த மெல்லிய கோடு இன்றைக்குச் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் வண்டி வரிசை. அந்தச் சிவப்பு பதினேழாம் கல்லின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

தலை சுற்றுகிறது, வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லலாம்தான். யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அவர் போகாவிட்டால் அந்த வண்டிகள் நின்றுவிடுமா? அங்கே நின்று கையை நீட்டி மறிக்க இந்த உலகத்தில் வேறு யாருக்குக் காரணம் இருக்கிறது? கியரைப் போட்டார்.

உலு யாம் தாண்டியதும் வரிசை ஆரம்பித்துவிட்டது. முன்னால் கார்கள், வேன்கள், கூரையில் பெட்டி கட்டிய வண்டிகள். பின்னால் இரண்டு கார் தள்ளி ஒரு சுற்றுலா பஸ். மழை கண்ணாடியில் அறைந்தது. உள் ரோட்டில் திரும்பிய பிறகு கல்லுக்குக் கல் எண்ணிக்கொண்டே போனார். பதினாலு. பதினைந்து.

"தாத்தா, அந்தத் தண்ணிய நான் குடிக்கவா?" என்றாள் ஐந்து வயதுப் பேத்தி மித்திரா.

"தொடாத."

அவர் அப்படிக் கத்திப் பேசி அந்தக் குழந்தை கேட்டதில்லை. உதடு பிதுங்கியது. யோகேஸ்வரி அப்பாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள்.

பதினேழாம் கல்லின் வளைவு திரும்பியது. முன்னால் போன வேன் கல்வெர்ட்டின் மேல் ஏறியது. அதன் பின்பக்கம் சட்டென்று ஒரு சாண் இறங்கி எழுந்தது. ரோட்டின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக் கோடு நேராக இல்லை. வில்போலக் கீழே வளைந்திருந்தது.

இராமலிங்கம் பிரேக்கை மிதித்தார். பாட்டில் டேஷ்போர்டிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

"என்ன மாமா? குரங்கா?" என்றான் குரு.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மலைப்பக்கம் எட்டிப் பார்த்தார். சிவந்த தண்ணீர் ரோட்டின் மட்டத்துக்கு இரண்டு அடி கீழேவரை குளமாக நின்றது. ஓர் எண்ணெய் டின் அதில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளப்பக்கம் ஓடினார். அங்கே ஆறுபோலக் கொட்ட வேண்டிய தண்ணீர் நூலாக வழிந்தது. அதற்குப் பதில் சரிவின் நெஞ்சிலிருந்து மஞ்சளாகக் கசிந்தது.

சரிவில் இறங்கினார். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு அடியோடு நின்ற அதே சரிவு. இந்தத் தடவை உட்கார்ந்து, வழுக்கி, புல்லைப் பிடித்து அடிவரை போனார். குழாயின் வாயில் குனிந்தார். ஃபோன் டார்ச்சை அடித்தார், அணைத்தார். வட்டம் இல்லை. கடி விழுந்த வட்டம்கூட இல்லை. இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து பொத்... பொத்... என்று மண் விழும் சத்தம் கேட்டது. அவர் தலைக்கு மேலே ஒரு கார் ஹாரன் அடித்தது.

மேலே எப்படி ஏறினார் என்று அவருக்கே நினைவில்லை. "யாரும் போகாதீங்க!" என்று கத்திக்கொண்டே ரோட்டின் குறுக்கே போய் நின்றார். காரிலிருந்து எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துவந்து வைக்கச் சொல்லிக் குருவை விரட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவருக்குச் சைகை காட்டி, வரவேண்டாம், அந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்துங்கள் என்று மலாயில் கத்தினார். அந்த மனிதர் குளத்தையும் இவரையும் ஒருமுறை பார்த்தார். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பி, வளைவுக்குப் போய் நின்றுகொண்டார்.

இந்தப் பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஹாரன் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தது. வழக்கம்போல ஒரு மைவி கார் வரிசையை உடைத்துக்கொண்டு வந்தது. இராமலிங்கம் இரண்டு கையையும் விரித்தார். அது அவரைச் சுற்றி, கட்டைச் சுவரை உரசிக்கொண்டு, கல்வெர்ட்டின் மேல் பாய்ந்தது. பின் சக்கரம் தொப்பென்று இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மைவி அக்கரையில் போய்க்கொண்டிருந்தது. தாரில் ஒரு புது வெடிப்பு, கத்தியால் கீறியதுபோல ரோட்டின் குறுக்கே ஓடியிருந்தது.

பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். தலையில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார். சட்டையில் 'ஹஸ்ஸான்' என்று பெயர் தைத்திருந்தது.

"அண்ணே, என்ன, கார் கெட்டுப்போச்சா? தள்ளிவிடவா?"

"கார் நல்லாத்தான் இருக்கு பாய். ரோடு கெட்டுப்போச்சு."

ஹஸ்ஸான் ரோட்டைப் பார்த்தார். தார் நனைந்து கறுப்பாகப் பளபளத்தது. "இதுவா? எங்க வீட்டு முன்னால உள்ள ரோட்டப் பாக்கணும்ணே நீங்க. இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. ஒரு கீறல் விழுந்தா ஆகாதா?"

"அடியில மண்ணு இல்ல. மேல தோலு மட்டும்தான் நிக்குது. இப்பத்தான் இறங்கிப் பாத்துட்டு வரேன். உங்க பஸ்ஸு ஏறினா தாங்காது."

"ரெண்டு மணிக்கு லுமுட் ஜெட்டியில படகு ஏறணும்ணே. நாப்பத்திரெண்டு பேரு, எல்லாம் பிள்ளை குட்டி. இவ்வளவு வண்டி போயிருக்கு, ஒண்ணும் ஆகல. நீங்க யாரு, ரோடு ஆபீஸா?"

அதற்குள் யோகேஸ்வரி குடையோடு வந்துவிட்டாள். "எங்க அப்பா சொல்றதக் கேளுங்க அங்கிள். இருபத்தாறு வருஷம் இவருக்கு இதே வேலை. இந்த ரோட்டுல உள்ள எல்லா கல்வெர்ட்டும் இவர் பாத்ததுதான்." குரலில் பழைய பெருமை அப்படியே இருந்தது. கட்டைச் சுவருக்குப் போய்ப் பாசியை உள்ளங்கையால் துடைத்தாள். "பாருங்க, இது எங்க அப்பா மார்க்தான். ஆர்.எல்."

ஹஸ்ஸான் குனிந்து படித்தார். "ஓகேன்னுல்ல போட்டிருக்கு?"

"அது ஏழு வருஷத்துக்கு முன்னாடி. ஏழு வருஷத்துல எது வேணும்னாலும் ஆகலாம்." யோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். "இல்லப்பா?"

நல்ல பதில். பாதி உண்மைகூட. அவர் தலையை ஆட்டினால் போதும். பெயர் போகாது, ஃபைலைத் தோண்டமாட்டார்கள், மகளின் குரலில் இருக்கும் அந்தப் பெருமை அப்படியே இருக்கும். அவர் தலை தானாகவே ஆடத் தொடங்கியது.

"அப்ப நல்லாத்தானே இருந்திருக்கு" என்றார் ஹஸ்ஸான். "இவரு பாத்து ஓகே போட்டதுன்னு நீங்களே சொல்றீங்க. நல்லாக் கட்டினது ஏழு வருஷத்துல கரைஞ்சா போயிடும்? ஆளுங்கள இறக்கி நடக்க விட்டுட்டு, மெதுவா ஓரமா உருட்டிக்கிட்டுப் போயிடறேன். பயப்படாதீங்கண்ணே." அவர் திரும்பி நடந்தார்.

நாற்பத்திரண்டு பேர் நடந்து, அப்புறம் பஸ்.

"பாய், நில்லுங்க." இராமலிங்கத்தின் குரல் கிழிந்து வந்தது. "அன்னிக்கும் நல்லா இல்ல."

ஹஸ்ஸான் நின்றார்.

"நான் இறங்கவே இல்ல. பாக்காமயே ஓகே போட்டேன். அப்பவே உள்ள அடைச்சிருந்துச்சு, எனக்குத் தெரியும். ஏழு வருஷமாத் தெரியும். இந்த எழுத்து பொய்யி பாய். அத நம்பி ஏத்தாதீங்க."

ஹஸ்ஸான் அவரை மேலும் கீழும் பார்த்தார். சேறு அப்பிய கால்சட்டை, சுவரில் சிவப்பு எழுத்து. திரும்பி பஸ்ஸுக்குப் போனார். என்ஜின் உறுமியது. பஸ் நகர்ந்தது. பஸ் முன்னால் வந்தது, வளைந்தது, முன்னும் பின்னுமாக நாலு தடவை ஆடி, ரோட்டின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. என்ஜின் அணைந்தது.

"இனிமே எவன் போறான்னு பாப்போம்" என்று ஜன்னலிலிருந்து ஹஸ்ஸான் பின்னால் இருந்த கார்களைப் பார்த்துக் கத்தினார்.

யோகேஸ்வரி சுவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். உள்ளங்கையில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"ஏன்ப்பா?"

"மாலை போட்டிருந்தேன். உள்ள ஏதோ செத்து நாத்தம் அடிச்சுச்சு. தைப்பூசத்துக்கு நாலு நாள்தான் இருந்துச்சு."

அந்தத் தைப்பூசம் எது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷா ஆலமில் அவள் ஆபீஸ் மேசையில் பட்டமளிப்புப் படம் இருக்கிறது. கறுப்பு அங்கியில் அவள், பக்கத்தில் காவடிக்காக மழித்த தலையில் முடி பாதி வளர்ந்த அப்பா.

"பட்டம் வாங்கினது நான்ப்பா. படிச்சதும் நான். ராத்திரி பகலா படிச்சேன். இத என் தலையில போடாதீங்க."

"உனக்காகன்னு நான் சொல்லலியே."

"சொல்லல. மாலைன்னு சொன்னீங்கல்ல."

அவள் ஃபோனை எடுத்து, முதலில் அவசர நம்பருக்கும், பிறகு மாவட்டத்து ரோடு ஆபீஸுக்கும் பேசினாள். எந்த ரோடு, எந்தக் கல், தண்ணீர் எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் தடுமாறாமல் மலாயில் சொன்னாள். பிறகு வெடிப்பைப் படம் எடுத்தாள், குளத்தை எடுத்தாள். கடைசியாகச் சுவருக்கு நேராக ஃபோனைப் பிடித்தாள்.

"மார்க்கும் படத்துல விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான்ப்பா எடுத்தேன்." விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தியது. "அனுப்பிட்டேன்."

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். பின்னாலிருந்த கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பும்போது ஒவ்வொரு முகமும் ஜன்னல் வழியாக இராமலிங்கத்தை முறைத்துவிட்டுப் போனது. சீதாலெட்சுமி துண்டைக் கொண்டுவந்து அவர் தலையில் போட்டார். "இதுக்குத்தானா அந்தக் குரங்கு, அருவி எல்லாம்?" என்று மட்டும் கேட்டார். ரோடு அப்படியே இருந்தது. அது விழவில்லை. விழுந்துவிடக் கூடாதே என்று பயந்தார். விழாமலேயே இருந்துவிட்டால், பைத்தியக்காரக் கிழவன் என்று எல்லாரும் சொல்வார்களே என்றும் பயந்தார். அந்த இரண்டாவது பயம் வந்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிய ஒருவன் வெடிப்பின் பக்கம் தவழ்ந்து போய், ஆறடி இரும்புக் கம்பியை அதற்குள் விட்டான். கம்பி எங்கேயும் முட்டவில்லை. அவன் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வெகு நேரம் கழித்து, அடியில் எங்கேயோ தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

ஹஸ்ஸான் தன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள். "யா அல்லாஹ்" என்று தரையில் குந்தினார்.

அதிகாரி விவரம் நிரப்ப ஒரு பாரத்தை நீட்டினார். படத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். யோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள், "என்னுடையது" என்று இராமலிங்கம் சொன்னார். பெயரை முழுசாக எழுதினார். ஐசி அட்டை நம்பரை எழுதினார். அடுத்த வாரம் ஆபீஸுக்கு வரவேண்டும், விசாரணை இருக்கும் என்றார்கள். தலையை ஆட்டினார்.

காருக்கு நடக்கும்போது யோகேஸ்வரி குடையை அவர் பக்கம் சாய்த்தாள். ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

"இது ஒண்ணுதானாப்பா?"

"ஒண்ணுதான்."

அவள் நின்றாள். கொஞ்சம் குனிந்து, கண்ணைச் சுருக்கி அவர் முகத்தையே பார்த்தாள். இருட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று அவர் குழாய்களுக்குள் பார்ப்பாரே, அதே பார்வை. தெரிந்ததா இல்லையா என்று அவள் சொல்லவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் லீவு இருக்கு. உங்க பழைய லிஸ்ட் வீட்டுல இருக்குல்ல? திங்கக்கிழமை வண்டிய எடுங்க. எல்லாத்தையும் நான் இறங்கிப் பாக்கணும்."

"நூத்து நாப்பது இருக்கும்மா."

"இருக்கட்டும்."

காருக்குள் மித்திரா உருண்டு கிடந்த பாட்டிலை எடுத்து, தாத்தாவிடம் கேட்காமலேயே குடித்துக்கொண்டிருந்தாள். குரு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கிள்ளானுக்கு வழி போட்டிருந்தான். இராமலிங்கம் பக்கத்துச் சீட்டில் ஏறினார். ஒன்றுதான். மற்ற நூற்று முப்பத்தொன்பதிலும் இறங்கினார், குனிந்தார், வட்டத்தைப் பார்த்தார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் மனசுக்குள் அந்தக் கல்வெர்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். செலாயாங் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.